ஆமி வந்தபோது சிரித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 1999 ஜனவரி ஸ்நோவைப் பற்றிய நினைவுக் கட்டுரையை வாசித்தேன். "ஸ்நோ அள்ள ஆமியைக் கூப்பிட்ட ஊர் என்று ரொறன்ரோவைப் பார்த்து நாடே சிரித்தது, நாங்களும் சேர்ந்து சிரித்தோம்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த 'நாங்களும்' யார் யார் என்று தெரிந்துகொள்ளலாமா? எங்கள் வீட்டில் ஒருவரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் பதினோராம் மாடி. ஜனவரி 2, சனிக்கிழமை கொட்டத் தொடங்கியது. இரண்டு கிழமைக்குள் 1 மீற்றருக்கு மேல் விழுந்து, 13ஆம் திகதி மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்தது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரீவியில் செய்தி. ஆங்கிலம் விளங்காத அம்மம்மாவுக்கு 'ஆமி' என்ற ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஊரோடு வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தவர் அவர். ஒன்றும் கதைக்காமல் எழும்பிப் போய் ஒரு துணிப்பையை எடுத்தார். எங்கள் குடிவரவுக் கடதாசிகள், அம்மாவின் இரண்டு காப்பு, தம்பியின் இழுப்பு மருந்து, ஒரு பைக்கற் மாரி பிஸ்கற். வாயை முடிந்து கதவடியில் வைத்தார். பக்கத்தில் தன் பாட்டா செருப்பு. வெளியே முழங்கால் அளவு ஸ்நோ!

"அவங்கள் ஸ்நோ அள்ளத்தானம்மா வாறாங்கள்" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். இரண்டொரு நாளில் பஸ் தரிப்பிடத்தடியில் நாலைந்து ஆமிக்காரர் சவளோடு நிற்பதை அம்மம்மா ஜன்னலால் பார்த்தார். கனநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "துவக்கை எங்க வைச்சிட்டு வந்தவங்கள்?" பை மாசி பிறக்கும்வரை கதவடியிலேயே இருந்தது.

அப்பாவும் சிரிக்கவில்லை. அவர் இரவில் அலுவலகக் கட்டடம் கூட்டித் துடைக்கிற வேலை. ஸ்காபரோவுக்குள் ஓடிய ஆர்.ரி. ரயில் ஓடவில்லை, வந்த பஸ்ஸும் பாதியில் நின்றது. பழைய துணிக்கடையில் வாங்கிய சப்பாத்துக்குள் ஈரம் ஏறாமல் இருக்கப் பாண் பையைக் காலில் சுற்றிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நடந்து போனார். பிந்தி வந்ததற்கு அரைநாள் சம்பளத்தை வெட்டினார்கள். மேற்பார்வையாளர் மூன்று நாள் வரவேயில்லை. அவருக்கும் வெட்டினார்களா என்று அப்பா இன்றைக்கும் கேட்பார்.

"பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம்" என்றும் இருக்கிறது. சரி, அது பொய்யில்லை. புதைந்துகிடந்த கார்களுக்கு மேலால் ஏறி நடந்தோம், தமிழ்க்கடை மாம்பழப் பெட்டி மட்டையில் சறுக்கினோம். ஆனால் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு சோடி கையுறைதான். ஆளுக்கு ஒன்று. மற்றக் கை ஜக்கெற் பைக்குள்.

இனி அந்தப் படம். கட்டுரையின் தலைப்பில் மின்கோபுரங்கள் காகிதம் கசங்கியதுபோல் மடிந்து கிடக்கின்றன. ஐயா, ஸ்நோ விழுந்து கோபுரம் அப்படி மடியாது. அது அதற்கு முந்திய வருடம், 1998 ஜனவரியில், பக்கத்து மாகாணமான கியூபெக்கில் நாட்கணக்காகப் பெய்து பட்ட இடத்திலேயே உறைந்த மழை. கம்பியில் ஏறிய ஐஸ் பாரத்தால் கோபுரங்கள் வரிசையாகச் சரிந்தன. சென்-ஹயசின்த், கிரான்பி பக்கமெல்லாம் கிழமைக்கணக்கில் கரண்ட் இல்லை. மொன்றியலில் இருந்த என் மாமி குடும்பம் பாடசாலை மண்டபத்தில் படுத்தது. அங்கேயும் ஆமி போனது, ஆயிரக்கணக்கில். அப்போது யாரும் சிரித்ததாகத் தங்கள் பத்திரிகையிலும் காணவில்லை.

2013 டிசம்பரில் ரொறன்ரோவையும் ஐஸ் மூடியபோது, மாடிக் கட்டடங்களில் லிப்ட் இல்லாமல் வயதானவர்கள் பட்ட பாட்டை எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அந்த இதழில் வீடு விற்கும் முகவர்களின் சிரித்த முகங்களை எண்ணிப் பார்த்தேன், பதினேழு. இளையோர் தமிழ் வாசிப்பதில்லை என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலையங்கத்தில் அழுகிறீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்து, இன்றுவரை மரக்கறிக்கடை வாசலில் தங்கள் பத்திரிகையை எடுத்துவரும் ஒருத்தி எழுதினால் மட்டும் இடமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தில் இருப்பது 1998 கியூபெக், 1999 ரொறன்ரோ அல்ல என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். 'நாங்களும்' என்ற சொல்லைத் திருத்துவதும் விடுவதும் தங்கள் விருப்பம். இம்முறையும் இடப் பிரச்சினை என்றால், ஏழாம் பக்கத்து முகவருக்கு இரண்டு படம் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ