நிறம் பார்க்காதவர்கள்

அன்புள்ள சேகருக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள். இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டுவாய், திட்டிவிட்டு மேலே படி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வேலை அப்படியே ஓடுகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மருமகள், அதான் என் மகள் கயல், சமூகவியலில் சேர்ந்தபோது "அதைப் படிச்சு என்ன செய்யப் போறா?" என்று கேட்டாயே. வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களோடு சண்டை போடுகிறாள். போன மாதம் என் ஆபீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். வெள்ளைக்காரர், தங்கமான மனிதர். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே, "நான் யாரிடமும் நிறம் பார்ப்பதில்லை" என்றார். நானும் நல்லதுதானே என்று தலையாட்டினேன். கயல் விடவில்லை. "நீங்க பார்க்கல அங்கிள், சரி. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க பார்க்கிறாங்களான்னு யார் பார்க்கிறது?" அவர் இன்னொரு டம்ளர் ரசம் கேட்டுச் சமாளித்தார்.

மறுநாள் ஒரு கட்டுரையை என் தலையில் கட்டினாள். டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு. ஆரம்பநிலை வேலைகளுக்கு நாலு கல்லூரிப் பையன்களை மனுப் போட அனுப்புகிறார். வெள்ளையர் இருவர் ஒரு ஜோடி, கறுப்பினத்தவர் இருவர் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவன், போதைப்பொருள் வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று எழுதிக் கொடுப்பான். அந்த வேடத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். மொத்தம் 350 இடங்கள். ஜெயில் வாசமே படாத வெள்ளைப் பையனை 34 சதவீத இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஜெயிலுக்குப் போன வெள்ளையனை 17. எந்த வழக்கும் இல்லாத கறுப்புப் பையனை 14. ஜெயிலுக்கும் போன கறுப்பனை வெறும் 5.

கதை இதோடு முடியவில்லை மாப்ளே. பிறகு அதே முதலாளிகளிடம் போனில் கருத்துக் கேட்டார்கள். இப்படி ஜெயிலுக்குப் போய் வந்தவன் வந்தால் எடுப்பீர்களா என்று, சிலரிடம் வெள்ளையனைச் சொல்லியும் சிலரிடம் கறுப்பனைச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். பதிலில் வித்தியாசமே இல்லை! வாயால் சொன்னதற்கும் கையால் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று 2005-இல் பேஜர், லிங்கன் க்வில்லியன் என்ற இன்னொரு சமூகவியலாளரோடு சேர்ந்து எழுதினார். அந்த முதலாளிகள் பொய் சொன்னார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தங்களைப் பற்றி அவர்கள் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

2003-இலேயே கலிஃபோர்னியாவில், அரசாங்கம் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. அர்னால்டு கவர்னராக ஜெயித்தாரே, அதே நாள். கணக்கெடுப்பை நிறுத்தினால் பாகுபாடு மறையாது, கண்ணுக்குத் தெரியாமல்தான் போகும் என்பது சமூகவியலாளர்கள் பலரின் வாதம். அவர்களுடைய சங்கமே கணக்கெடுப்பு தொடர வேண்டும் என்று அறிக்கை விட்டது. தீர்மானம் தோற்றது.

எதிர்த்தரப்பையும் லேசில் தள்ள முடியவில்லை. கேரன் ஃபீல்ட்ஸ், பார்பரா ஃபீல்ட்ஸ் என்று இரு சகோதரிகள். ஒருவர் சமூகவியலாளர், மற்றவர் வரலாற்றாளர். இருவருமே கறுப்பினத்தவர். "கறுப்பனாக இருந்ததால் சுட்டார்கள்" என்று சொல்லும்போதே, சுட்டவன் செய்த காரியத்தைச் செத்தவனின் குணமாக மாற்றிவிடுகிறோம் என்கிறார்கள். இனவெறிதான் இனத்தை உண்டாக்குகிறது, மறுபடி மறுபடி கட்டம் போட்டுக் குறிப்பது அந்த மாயத்துக்குத் தீனி என்பது அவர்கள் கட்சி. இதைப் படித்து இரண்டு நாள் மண்டை காய்ந்தது. ஆனால் மில்வாக்கியில் விண்ணப்பத்தாளில் இனம் என்ற கட்டமே இல்லாவிட்டாலும் பையனின் முகம் இருந்ததே? பேஜர் எண்ணாமல் விட்டிருந்தால் அந்த 14 யாருக்குத் தெரிந்திருக்கும்? கயலிடம் இதைச் சொன்னேன். "பரவாயில்லப்பா, பாஸாயிட்டீங்க" என்றாள். திமிர்!

உனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று தெரியும். ஆமாம், நம்ம ஹாஸ்டல் "எனக்கு ஜாதியே கிடையாது" வெங்கட்தான். சதீஷ் தேஷ்பாண்டே என்ற டெல்லி சமூகவியலாளர் இதைப் பற்றியே 2013-இல் எழுதியிருக்கிறார்: மேல்ஜாதிக்காரன் ஜாதியால் வந்ததையெல்லாம் சொத்தாகவும் படிப்பாகவும் மாற்றிக்கொண்டபின் ஜாதி இல்லாதவனாக உலவலாம்; மற்றவனுக்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும். ஹாஸ்டல் மெஸ்ஸில் யார் யாரோடு உட்கார்ந்தோம் என்று நீயே யோசித்துப் பார்.

அங்கே வரப்போகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாதியும் கேட்கப் போகிறார்களாமே. வெங்கட் அந்த இடத்தில் என்ன எழுதச் சொல்வான் என்று கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. ஜூலையில் கயல் மதுரைக்கு வருகிறாள், அவன் வீட்டுப் பக்கம் மட்டும் கூட்டிப் போய்விடாதே.

அன்புடன்,
ராமு