எடுத்த கணக்கை எங்கள் ஊருக்கும் காட்டுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் கூட்டாக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும், ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் அவர்களோடு அமரும் பிரதேச செயலக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சம்பூர்ப் பக்கம் கணக்கெடுப்புப் படிவத்தோடு போனால், உங்களைக் கண்டதுமே வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருவார். அடையாள அட்டை, காணிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருக்கும். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, பலர் 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பிய சனம் அது. ஒரு நிறுவனம் வாழ்வாதாரம் என்று எழுதிப் போகும், இன்னொன்று நுண்கடன் என்று, மற்றொன்று பிள்ளைகளின் படிப்பு என்று. பாதிக் கேள்வி ஒன்றேதான். சொன்ன பதில் என்ன ஆனது என்று சொல்ல மட்டும் யாரும் திரும்பி வருவதில்லை.

சேர்ந்து வேலை செய்வது நல்லது. அப்படியென்றால் யாரை எண்ணுவது என்பதில் முதலில் உடன்படுங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று ஒருவர் கணவன் இறந்தவர்களை மட்டும் எழுதுகிறார். இன்னொருவர் கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் விட்டுப்போனவர்களையும் சேர்க்கிறார். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், உதவி தேவைப்படும் ஒரு குடும்பம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

மாவட்டத் தொகையோடும் நின்றுவிடாதீர்கள். 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு அந்தத் தொகையில் தெரியாது. எந்தத் தெருவில் காய்ச்சல், எந்தக் கிணறு மூடாமல் கிடக்கிறது என்று கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகத் தெரிந்தால்தான் பள்ளிவாசலும் மாதர் சங்கமும் சிரமதானத்துக்கு இறங்க முடியும்.

அப்புறம், பெயர்கள். பட்டியலில் பெயர் வருவதைக் கண்டு பயந்த காலம் எங்களுக்கு மறக்கவில்லை. எண்ணிக்கையை உங்களுக்குள் பகிருங்கள். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்காமல் கைமாற்றாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், என்ன நோக்கத்துக்கு எடுத்தீர்களோ அதற்கு அமையவே பயன்படுத்த வேண்டும் என்கிறது.

அடுத்த படிவத்தைத் தூக்கி வருமுன், போன முறை எடுத்த கணக்கை ஒரே தாளில், தமிழில், ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒட்டுங்கள். ஒரு பின்னேரம் வந்து எங்களோடு இருந்து வாசியுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தித் தருகிறோம். எந்த வேலையை முதலில் தொடங்குவது என்பதையும் அன்றைக்கே சேர்ந்து முடிவெடுப்போம்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஒரு மாதர் சங்க உறுப்பினர்