கேட்கும் உரிமையும் காக்கும் கடமையும்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1966-இல் அதிபர் ஜான்சன் கையொப்பமிட்ட தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி, கூட்டாட்சி முகமைகளிடம் எவரும் ஆவணம் கேட்கலாம். 20 வேலை நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தங்கள் குடியேற்றக் கோப்பின் நகலை இந்தச் சட்டத்தின் வழியாகவே கேட்டுப் பெறும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. தாமதம் எங்களுக்குப் பழகிவிட்டது. “தேடினோம், ஆவணம் எதுவும் இல்லை” என்று வரும் ஒற்றைப் பக்கப் பதிலைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

வரிகளை மறைக்கக் கறுப்பு மை பூசி வந்த பக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். காக்கப்படாமலே போன ஆவணத்துக்கு அந்த வழியும் இல்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர் தம் தொலைபேசி உரையாடல்களின் எழுத்துப் படிகளை வெளியுறவுத் துறையிலிருந்து காங்கிரஸ் நூலகத்துக்கு மாற்றிய வழக்கில், கையில் இல்லாத ஆவணத்தைத் துறை மறுத்ததாகக் கொள்ள முடியாது என்றும், அரசு ஆவணங்களைக் காக்கச் சொல்லும் 1950-ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஆவணச் சட்டத்தைக் காட்டித் தனிமனிதர் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. ஆவணத்தை மீட்கும் பொறுப்பு துறைத் தலைவர், தேசிய ஆவணக் காப்பாளர், அட்டர்னி ஜெனரல் ஆகியோரிடமே இருக்கிறது. ஆவணத்தை அகற்றியவரே துறைத் தலைவராக இருந்தால், முதல் புகாரை அவரே எழுத வேண்டியிருக்கும்!

அந்தக் கூட்டாட்சி ஆவணச் சட்டத்தில் 2014-இல் நீங்கள் செய்த திருத்தம், சொந்தக் கணக்கிலிருந்து அலுவல் செய்தி அனுப்பும் ஊழியர் 20 நாள்களுக்குள் அதன் நகலை அலுவலகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஒரு வாரத்தில் தானாக அழியும்படி அமைக்கப்பட்ட செய்தி, அந்தக் கெடு முடியும் முன்பே கைப்பேசியிலிருந்து மறைந்துவிடும். ஊழியர் கடமை தவறினார் என்று பிறகு நிறுவுவதற்கும் அந்தச் செய்திதானே சான்று?

இதைக் கண்டு வாய் திறக்கும் நேர்மையான ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பழிவாங்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அவர்களுடைய மேல்முறையீடுகளை முடிக்க வேண்டிய தகுதி முறைப் பாதுகாப்பு வாரியம் 2017 முதல் 2022 வரை, போதிய உறுப்பினர்கள் இல்லாமல், இறுதித் தீர்ப்பு வழங்க முடியாமல் முடங்கிக் கிடந்தது. உறுப்பினர்களுக்கு ஒப்புதல் தரும் செனட் இதற்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

ஆகவே, அலுவல் செய்தி அனுப்பப்படும் அந்தக் கணமே அலுவலகக் கணக்கில் பதிவாக வேண்டும் என்றும், அவ்வாறு பதிவு செய்யாத செயலிகளை அரசுப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சட்டத்தைத் திருத்துங்கள். முறைகேடாக அகற்றப்பட்ட ஆவணத்தை மீட்க வழக்குத் தொடுக்கும் உரிமையை, அதைக் கேட்டு விண்ணப்பித்தவருக்கும் வழங்குங்கள்.

மரியாதையுடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாக்காளர்