மாதிரி டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிப் நிறுவனங்களில் லினக்ஸ் மாதிரி டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். போர்டோடு சேர்த்து உதாரணத்துக்கென்று நீங்கள் தரும் டிரைவர் கோப்பு (வன்பொருளை லினக்ஸோடு இணைக்கும் நிரல்), எங்களைப் போன்றவர்கள் கையில் அப்படியே விற்பனைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கருவியில் ஒரே சிப்பில் இரண்டு கோர்கள். பெரியதில் லினக்ஸ் ஓடும். சின்னது சென்சாரைப் படித்து, இரண்டுக்கும் பொதுவான டிடிஆர் (முதன்மை நினைவகம்) பகுதியில் 16 கட்டங்களில் சுற்றிச் சுற்றி எழுதும். எழுதிய கட்டத்தின் எண்ணை, கோர்களுக்கிடையே செய்தி அனுப்பும் மெயில்பாக்ஸ் வழியாகச் சொல்லும். 7 என்று தகவல் வரும். 7-ஆம் கட்டத்தைத் திறந்தால் போன சுற்றின் வெப்பநிலை இருக்கும். பழைய மதிப்பும் புதியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பிறகு பிரிண்ட்கே (லினக்ஸ் பதிவில் செய்தி எழுதும் கட்டளை) போட்டுத் தேடினால் பிழை காணாமல் போய்விடும். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

கடைசியில் பார்த்தால், மாதிரி டிரைவரில் நினைவகத்தை நிரலுக்கு நேரடியாகக் காட்டும் எம்மேப் பகுதி, அந்த நினைவகத்தைக் கேஷ் (கோர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் நகல்) வழியாக மேப் செய்திருந்தது. சின்ன கோர் எழுதுவது பெரிய கோரின் கேஷுக்குத் தெரியாது. கேஷைத் தவிர்க்கும் ரைட்-கம்பைன் என்று மாற்ற ஒரே வரிதான். எண்ணைப் பார்த்த பிறகே தரவைப் படிக்க வைக்கும் ரீட் பேரியரும் அதில் இல்லை.

சரி, இது தவறான அளவீட்டோடு போயிற்று. அதே பகுதியில் இன்னொன்று இருந்தது: நிரல் கேட்கும் ஆஃப்செட்டையும் (எந்த இடத்திலிருந்து என்பது) நீளத்தையும் டிரைவர் சரிபார்க்கவே இல்லை. ஆஃப்செட்டைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் லினக்ஸின் மையமான கர்னலின் நினைவகமே கைக்கு வந்துவிடும். 2012 டிசம்பரில் சாம்சங் கேலக்ஸி எஸ்3, நோட் 2 போன்களில் நடந்தது நினைவிருக்கிறதா? எக்ஸினோஸ்-மெம் என்ற சாதனக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். அதன் வழியே பௌதிக நினைவகம் முழுவதும் திறந்து கிடந்தது. சாதாரண ஆப் ஒன்று ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக அது போதுமானதாக இருந்தது.

பொதுப் பகுதியை டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரக் கோப்பு) ஒதுக்கி, கர்னல் அதைத் தொடாதபடி 'நோ-மேப்' என்று குறியுங்கள். நீளத்தைத் தானே சரிபார்க்கும் 'விஎம் ஐஓமேப் மெமரி' என்ற செயற்கூறு 2013-லிருந்து லினக்ஸில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கோப்பு அனுமதியை 0666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) என்று வைக்காதீர்கள்.

அப்புறம், கையேட்டில் 'டெவ்-மெம் திறக்கவில்லையென்றால் ஸ்ட்ரிக்ட் டெவ்மெமை அணைத்துவிடவும்' என்று ஒரு வரி வருகிறதே, அதை முதலில் எடுத்துவிடுங்கள்; டெவ்-மெம் பௌதிக நினைவகத்தைத் திறக்கும் கோப்பு, ஸ்ட்ரிக்ட் டெவ்மெம் அதற்குப் போட்ட பூட்டு.

அன்புடன்,
உங்கள் கோப்புகளைத் தினமும் திறக்கும் ஓர் எம்பெடட் பொறியாளர்