2024 ஆண்டறிக்கை: பாலத்தடியில் ஓராண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் இருக்கும் நம் ஓவிய வட்டம் இந்த ஆண்டு பல இடங்களுக்கு அலையவில்லை. திரும்பத் திரும்பப் போனது ஒரே இடத்துக்குத்தான்: பாரியோ லோகன் குடியிருப்பில், கொரனாடோ பாலத்துக்கு அடியில் இருக்கும் சிக்கானோ பூங்கா. சிக்கானோ என்றால் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்.

முதல் தடவை பாலத்தின் தூண்களில் தீட்டிய ஓவியங்களை செல்போனில் படம் பிடிப்பதிலேயே பொழுது போய்விட்டது. வீட்டுக்கு வந்து பேசியபோது, இடத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. அதனால் மார்ச் கூட்டத்தை அதற்கே ஒதுக்கினோம். 1960-களில் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை அந்தக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. 1969-இல் பாலம் திறந்தபோது இன்னும் பல வீடுகள் போயிருந்தன. மிஞ்சிய நிலத்தில் பூங்கா கேட்டுக்கொண்டிருந்தார்கள் மக்கள். 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே வந்து நின்றதோ, நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டுவதற்கான புல்டோசர். மாணவர்களும் குடும்பங்களும் திரண்டு வந்து மறித்தார்கள். 12 நாள் அங்கேயே இருந்து மண்ணைக் கொத்தி, கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள். அந்தப் பகுதியில் வளர்ந்த ஓவியர் சால்வடோர் டோரஸ் கனவு கண்டபடி கான்கிரீட்டில் வண்ணம் ஏறியது அப்புறம், 1973-இல்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படங்களை அலங்காரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனதில் நின்றது 1977-ஆம் ஆண்டுத் தூண் ஓவியம் ஒன்று. ‘குடியிருப்பு வேண்டும், காயலான் கடை வேண்டாம்’ என்பதுதான் அதன் பொருள். வீடுகளுக்கு நடுவே பழைய இரும்புக் கிடங்குகளை அனுமதித்த நகராட்சிக்கு, மக்கள் சுவரிலேயே எழுதிவைத்த மனு அது. 2016-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பூங்காவில் இப்படி ஒரு மனு இன்னும் பளிச்சென்று நிற்கிறது!

ஏப்ரலில் பூங்கா விழாவுக்குப் போனோம். ஆஸ்டெக் நடனக்காரர்களின் காலில் கட்டிய விதைச் சலங்கை, சாம்பிராணி போலவே மணக்கும் ‘கோப்பல்’ (copal) மரப்பிசின் புகை, தலைக்கு மேலே ஓயாத லாரி இரைச்சல். ஓரத்தில், தரையோடு தாழும்படி மாற்றியமைத்த லோரைடர் கார்கள். ஒருவர் சுவிட்சைத் தட்டினார். பம்பு உறுமியது, காரின் மூக்கு எழும்பி மெல்லத் தரையோடு படிந்தது. பக்கத்து நேஷனல் சிட்டியில் இந்தக் கார்கள் மெதுவாக உலாப் போவதற்கு 1992 முதல் இருந்த தடை 2023-இல்தான் நீங்கியது. 2024 முதல் கலிபோர்னியா முழுவதும் அப்படித் தடை போட முடியாது. அந்த மாநிலச் சட்டம் வந்த ஆண்டிலேயே நாம் அங்கே நின்றது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மற்ற மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள். ஓவியங்களில் உள்ள ஸ்பானிஷ் வரிகளைப் படிக்கும் அளவுக்காவது எல்லோரும் கற்போம். பூங்காவுக்குப் போகும் நாளில் கட்டுச்சோறு வேண்டாம். லோகன் அவென்யூ கடைகளிலேயே சாப்பிடுவோம்.

இவண்,
செயலாளர்