ஸ்பானிஷ் வகுப்பில் டயருக்கு என்ன பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பானிஷ் படித்தால் இருபது நாடுகளில் வாய்ப்பு என்று கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய்ப்பு இருப்பது உண்மைதான். ஆனால் இருபது நாட்டுக்கும் ஒரே சொல் செல்லும் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. ஓசூரில் உட்கார்ந்து பைக் கையேடுகளையும் உதிரிபாகப் பட்டியல்களையும் ஸ்பானிஷில் மாற்றித் தருவது என் பிழைப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் நெவுமாத்திகோ. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் யாந்தா. வெனிசுவேலாவில் கௌச்சோ. அர்ஜென்டினாவில் பேச்சுவழக்கில் கோமா. அங்கே பஞ்சர் கடைக்குப் பெயரே கொமெரியாதான். இதில் வம்பு என்னவென்றால், ஸ்பெயினில் யாந்தா என்றால் ரிம். எந்த நாட்டுக்கு என்று பார்க்காமல் பட்டியல் போட்டால் டயர் கேட்டவருக்கு ரிம் போய்ச் சேரும். பெட்ரோல் ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் கசோலினா, அர்ஜென்டினாவில் நாஃப்தா, சிலியில் பென்சினா. நம்பர் பிளேட், ஹேண்டில்பார் கதையும் இதேதான்.

காய்கறிப் பெயர்கள் மாறுவதற்குக் காரணம் எளிது. போன இடத்தில் இருந்த மக்களின் சொல்லை ஸ்பெயின்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெண்ணெய்ப்பழம் மெக்சிகோவில் நாவாட்டில் மொழியிலிருந்து வந்த அகுவகாத்தே, பெருவிலும் சிலியிலும் கெச்சுவா மொழியிலிருந்து வந்த பால்தா. இயந்திரச் சொற்கள் வேறு வகை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரும்பாலானவை 1820களுக்குள் ஸ்பெயினிடமிருந்து பிரிந்துவிட்டன. காரும் பைக்கும் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அப்போது ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய சொல்லை வைத்துக்கொண்டது. கணினிக்குக்கூட ஸ்பெயின் பிரெஞ்சைப் பார்த்து ஒர்தெனதோர் என்றது. மெக்சிகோ ஆங்கிலத்தைப் பார்த்து கொம்புத்தாதோரா என்றது.

என் வருத்தம் வகுப்புகளைப் பற்றியது. என்னிடம் உதவிக்கு வரும் இளைஞர்கள் கைநிறையச் சான்றிதழோடு வருகிறார்கள். ‘வொசோத்ரோஸ்’ வினைத்திரிபு முழுவதும் மனப்பாடம். நண்பர்கள் பலரைச் சேர்த்து ‘நீங்கள்’ என்று சொல்ல ஸ்பெயினில் அதுதான் வழக்கம்; அட்லாண்டிக்கைத் தாண்டினால் அன்றாடப் பேச்சில் அதைக் கேட்கவே முடியாது. அப்புறம் ‘கோஹெர்’. பஸ் பிடிப்பதற்கு, பொருளை எடுப்பதற்கு எல்லாம் இதையே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ வாடிக்கையாளரிடம் போனில் இந்தச் சொல்லைச் சொன்னால் என்ன பொருள்படும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. (கொலம்பியாவில் சாதாரணமாகச் சொல்லலாம். அதையும் யாராவது சொல்லித்தர வேண்டுமே!)

ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடிகூட இல்லை. மெக்சிகோவில் மட்டும் சுமார் 13 கோடி. நம் பைக்குகள் அதிகம் போவது மெக்சிகோ, கொலம்பியா பக்கம். அப்படியிருக்க, ஸ்பெயினில் அச்சான பாடப்புத்தகத்தோடு வகுப்பை முடித்துவிடுவது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். இலக்கணத்தை அதில் படிக்கட்டும், சரி. இரண்டாம் நிலைக்கு வந்ததும் பொகோட்டா வானொலியைக் கேட்க வைக்கலாம், மெக்சிகோ நாளிதழை வாசிக்க வைக்கலாம்.

வேலை தரும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. “ஸ்பானிஷில் வேண்டும்” என்று மட்டும் சொல்லி ஃபைலை அனுப்பாதீர்கள். நாட்டின் பெயரையும் எழுதுங்கள். எல்லா நாட்டுக்கும் ஒரே கையேடுதான் என்றால், ஒரு பாகத்தின் பெயர் முதலில் வரும் இடத்தில் அந்தந்த நாட்டுச் சொற்களையும் சேர்த்துப் போடுங்கள். அச்சுச் செலவு ஒன்றும் ஏறிவிடாது.

மாணவர்களுக்கு: ஸ்பானிஷ் மொழி அகாதெமிகளின் கூட்டமைப்பு 2010ல் வெளியிட்ட, அமெரிக்கக் கண்டங்களில் வழங்கும் ஸ்பானிஷ் சொற்களுக்கான அகராதி அவர்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தச் சொல் எந்த நாட்டில் வழங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. வகுப்பில் சொல்லித்தராவிட்டால் நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
ஓசூர்