சிவப்பு மை படாத ஒரு நோட்டு

மேல்நிலைப் பள்ளிகளில் தமிழ் நடத்தும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கட்டுரை நோட்டோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கவனக்குறைவு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நோட்டு திரும்பி வந்தது. 'மன வளி' என்று நான் எழுதியிருந்ததை வட்டமிட்டு, 'வலி' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தது. திருத்தம் சரிதான், வளி என்றால் காற்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கோபமெல்லாம் போய்விட்டது. ஐம்பது அறுபது நோட்டு திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது பிழைதான். எங்களுக்கும் எழுத்து என்றால் முன்னுரை, முடிவுரை, மதிப்பெண். வேறு எதற்கும் எழுதலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள், கால் மணி நேரம், பிள்ளைகள் தங்களுக்காக எழுதட்டும். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள், தெரியும். ஆனால் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் எழுதியதும் தினம் 15 நிமிடம்தான், அதுவும் நான்கே நாள். மனதை உலுக்கிய சம்பவத்தை, அப்போது பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு இன்னும் சோர்ந்துதான் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனதோ, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு. பிறகு நடந்த ஆய்வுகளில் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. எழுத மாட்டேன் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள். எழுதும்போது அழுகிற பிள்ளையிடம் உடனே நோட்டைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

எழுத வைப்பதைவிடப் படிக்காமல் இருப்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். யாரும் படிக்க வேண்டாம் என்று அவர்கள் மடித்த பக்கத்தைப் பிரிக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னால் பிரிக்கக் கூடாது. நன்றாக எழுதியிருக்கிறாளே என்று வகுப்பில் வாசித்துக் காட்டுவதோ, ஆண்டு மலருக்கு அனுப்புவதோ வேண்டாம். ஒருமுறை வெளியே போனால் அப்புறம் அந்த வகுப்பில் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதையும் அன்றைக்கே சொல்லுங்கள். திறந்த பக்கத்தில் சாக வேண்டும் என்றோ, யாரோ தொந்தரவு செய்கிறார் என்றோ ஒரு வரி இருந்தால் நோட்டு போதாது, ஆள் வேண்டும். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. இரண்டு எண்களும் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும், மடித்தே எழுதுகிறவர்களுக்காக.

தலைப்பு எதுவும் தர வேண்டாம். கேட்டால், 'நேற்று ராத்திரி தூக்கம் வராமல் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?' என்பது போதும். லகர ளகரத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
'வளி' என்று எழுதிய பழைய மாணவி